முந்திரிப் புகை என்று நான் சொன்னது

முப்பது வருஷத்துக்குக் கிட்ட நான் எழுதியதெல்லாம் பதிவேட்டில்தான். அதில் கட்டம் போட்டிருக்கும். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம், எடை, பிரஷர். கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதினால் போதும். இந்தத் தாளில் கட்டமே இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் பத்தாவது படித்த நான் உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் இப்போது வேலை பார்க்கும் கிராம செவிலியர்கள்தான் எழுதச் சொன்னார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்க இப்போது செல்போனில் படம் வந்துவிட்டது. மூன்று நிமிஷம் ஓடுகிறது. பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. அதில் இல்லாதது ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள் அக்கா என்றார்கள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் இருப்பது ஒரு தப்புதான். நான் செய்த தப்பு. அதையே எழுதுகிறேன்.

முதலில் நான் எறையூர்ப் பக்கம் பால்வாடி டீச்சராக இருந்தேன். அங்கிருந்து நர்ஸ் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் பயிற்சி. ஹாஸ்டல் சாம்பாரும் தூக்கம் வராத பரீட்சை நாட்களும் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் மீன்சுருட்டியிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் போட்டார்கள். இரண்டு அறை, ஒரு வேப்பமரம், நாலு ஊர். முழங்கால் தேய்ந்து, இரண்டு வருஷம் முன்னதாகவே விருப்ப ஓய்வு வாங்கும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது. ஆனால் வேலையோ, நாற்பது பெண்களை உட்கார வைத்து உதிரப்போக்கைப் பற்றியும் சிறுநீரைப் பற்றியும் பேசுவது. முதல் கூட்டத்தில் ஆபத்து அறிகுறிகளை மனப்பாடமாக ஒப்பித்தேன். நடுவில் ஒரு பெண், "ஏங்க நர்சம்மா, எங்களுக்குச் சொல்றீங்களா, செவுத்துக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன்.

அதற்கப்புறம் கூட்டத்தில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் இடது கையை என் மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகச் சொல்லுவேன். கட்டைவிரல், ரத்தம் படுவது. ஆள்காட்டி விரல், தலைவலியும் கண் மங்கலும். நடுவிரல், முகமும் கையும் வீங்குவது. மோதிர விரல், பிள்ளை துடிப்பு குறைவது. சுண்டு விரல், நீர் உடைவது, காய்ச்சல் அடிப்பது. ஒவ்வொரு விரலாக மடக்குவேன். பிறகு அவளையே மடக்கிச் சொல்லச் சொல்லுவேன். ஒருத்தரின் கையைப் பிடித்திருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கூச்சத்துக்காகக் கண்டுபிடித்த வழிதான் அது. ஆனால் பெண்களுக்கு மறக்காமல் நின்றது. மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் இருக்கும்போது வாயால் சொல்ல முடியாததை விரலைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போகிற பெண்களும் உண்டு.

எங்கள் மேற்பார்வை செவிலியர் ரஜியாம்மா. ஐந்து துணை நிலையங்களுக்கு அவர்தான் மேலே. டிவிஎஸ் ஐம்பதில் வருவார். வந்ததும் பதிவேட்டைக் கேட்க மாட்டார். பெண்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாமியாராக மாறிவிடுவார். எம் மருமவளுக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க என்று ஆரம்பிப்பார். நாங்கள் பதில் சொல்ல வேண்டும். சில நாள் புருஷனாகவும் வருவார். பீடி பிடிப்பது போல விரலை வைத்துக்கொண்டு, "வண்டி வாடகைக்கு நீ குடுப்பியா?" என்பார். சிரித்தால் கோபம் வரும். "நான் சிரிக்கவா வந்தேன்? அந்தப் பொண்ணு தானா ஆஸ்பத்திரிக்குப் போவப் போறதில்ல மலரு. அவளக் கூட்டிட்டுப் போறவங்க கேக்கற கேள்விக்குப் பதிலு உங்கிட்ட இருக்கா, அதச் சொல்லு" என்பார். எல்லார் முன்னாலும் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை.

இனி அந்தத் தப்பு. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சித்திரை மாதம்.

எங்கள் பக்கத்தில் சித்திரை என்றால் முந்திரி. ஊருக்குள் நுழையும்போதே வறுக்கும் வாடை அடிக்கும். இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டு வறுத்தால் ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து, கருப்பாகப் புகை எழும்பும். கண்ணில் பட்டால் அரை நாள் எரியும். கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள். எண்ணெய் பட்ட கையை மறந்து முகத்தில் வைத்தால் மறுநாள் முகம் உப்பிவிடும். அந்த இரண்டு மாதமும் தலைவலி, கண் எரிச்சல், உப்பிய முகம் எல்லாம் வீட்டுக்கு வீடு உண்டு. நானும் அந்தப் பக்கத்துப் பெண்தான். சின்ன வயதில் எனக்கும் உதடு வீங்கியிருக்கிறது.

இளவரசிக்கு அது முதல் பிரசவம். எட்டாவது மாதம். வயது இருபத்திரண்டு. புருஷன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வீட்டில் இவளும் மாமியார் செங்கமலமும்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் துணை நிலையத்தில் அவளைப் பார்த்திருந்தேன். நடந்து வந்தவளைப் பத்து நிமிஷம் உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்துக்கு வைத்து, பிரஷர் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்போதெல்லாம் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் முக்கால் பாகம் எடுத்து, மேல் பாகத்தை மட்டும் விளக்கில் காட்டிக் காய்ச்சுவோம். கலங்கினால் இரண்டு சொட்டு அமிலம் விட வேண்டும். தெளிந்துவிட்டால் பயமில்லை. தெளியாமல் வெள்ளையாக நின்றால் உப்பு இறங்குகிறது என்று அர்த்தம்; சிறுநீரில் புரதம் போவதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். அவளுடையது கலங்கவே இல்லை. கட்டத்தில் நார்மல் என்று எழுதினேன். ஐந்து விரலையும் தப்பில்லாமல் மடக்கிக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை சத்து மாத்திரை கொடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தேன். பிரஷர் பெட்டி கனம் என்று துணை நிலையத்திலேயே வைத்துவிட்டேன். இளவரசி ஓரமாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, மற்றவர்களுக்குத் தெரியாமல் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வலது கையால் பிடித்துக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த அம்மாளும் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னாடி, வெரல வெரலப் புடிக்கிற? தலவலியா? எனக்குந்தான் ஒரு வாரமா வலிக்கிது. எனக்கு என்ன மாசம்னு பாருங்க நர்சம்மா" என்றார் அவர். அவருக்கு அறுபது வயதிருக்கும். கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே இளவரசியிடம் சொன்னேன்: "பொகைக்குத்தான் வலிக்கும். ரெண்டு நாளு வறுக்கற பக்கம் போவாத. எண்ணெக் கைய மூஞ்சில வெக்காத. சரியாப் போயிடும்."

அவள் தலையாட்டினாள். நான் அடுத்த வரிசைக்குப் போனேன். இவ்வளவுதான் நடந்தது. எந்த விரலைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேனோ அந்த விரல்களையே அவள் பிடித்துக் காட்டினாள். இல்லை என்று அனுப்பியவள் நான்தான்.

சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலையில் ரஜியாம்மா வந்தார். அடுத்த நாள் கர்ப்பிணிகள் நாள் என்பதால் நான் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"என்னா நர்சம்மா, எம் மருமவளுக்கு என்னமோ வெரலு வெரலாச் சொல்லி அனுப்பினீங்களாம். தலவலிக்கிதுன்னு மூணு நாளாப் படுத்தே கெடக்கா. முந்திரி வறுக்கற ஊர்ல தலவலி இல்லாமயா இருக்கும்? பொகைக்கு வலிக்கிது. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?"

இதற்கான பதில் எனக்கு நன்றாகத் தெரியும். புகையா இல்லையா என்று நாம் முடிவு பண்ண வேண்டாம், பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வரவில்லை. இளவரசியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் மாமியாராகப் பேசிய பேச்சுதான், வெள்ளிக்கிழமை நான் நர்சாகப் பேசிய பேச்சு.

"சொல்லுங்க, வாயில என்னா கொழுக்கட்டயா?" என்றார், இன்னும் மாமியாராகவே. பிறகு என் முகத்தைப் பார்த்தார். தலைப்பை இறக்கினார். "என்னாச்சு மலரு?"

சொன்னேன். எத்தனை மாதம் என்று கேட்டார். எட்டு என்றேன். பிரஷர் பார்த்தாயா என்றார். இல்லை என்றேன். உடனே எழுந்து, பிரஷர் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். வண்டியைக் கிளப்பினார். அந்த வண்டி இரண்டு பேரைத் தாங்காது. மேடு வரும் இடத்தில் நான் இறங்கி ஓடினேன்.

செங்கமலம் வாசலில் கொட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, நல்லவேளை வந்தீர்கள் என்றார். இரண்டு நாளாக மருமகளை அடுப்படிக்குக்கூட விடவில்லையாம். புகை படக் கூடாது என்று உள்ளறையில் ஜன்னலைச் சாத்திப் படுக்க வைத்திருந்தாராம். அப்படியும் வலி நிற்கவில்லையாம். காலையிலிருந்து வயிற்றுக்கு மேலேயும் வலிக்கிறது என்கிறாளாம்.

உள்ளே போனோம். இளவரசி எழுந்து உட்கார்ந்தாள். கண் இமை தடித்திருந்தது. ரஜியாம்மா அவள் வளையலுக்குள் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. கண் தெரிகிறதா என்று கேட்கவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு, குடிம்மா என்று நீட்டினார். இளவரசி டம்ளருக்கு நாலு விரல் தள்ளிக் கையை நீட்டினாள். ரஜியாம்மா அசையாமல் பிடித்திருந்தார். அவள் கை தடவிக்கொண்டு வந்து டம்ளரைத் தொட்டது.

பிரஷர் நான்தான் பார்த்தேன். சந்தேகத்துக்கு இரண்டு தடவை பார்த்தேன். மேலே நூற்று எழுபது, கீழே நூற்றுப் பத்து. ரஜியாம்மா 108-க்குப் போன் செய்யும்போதே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாவை ஊசியோடு தயாராக இருக்கச் சொல்லும்படி என்னிடம் கண்ணைக் காட்டினார்.

செங்கமலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்கதானம்மா பொகைன்னீங்க?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். இது பொகை இல்ல. ரத்தக் கொதிப்பு. இப்பவே போயாவணும்" என்றேன். அத்தனை வருஷத்தில் ஒருத்தர் முகத்தை நேராகப் பார்த்து நான் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் பதில் சொல்வதற்குள் இளவரசிக்கு வலிப்பு வந்துவிட்டது. நான் அவளை இடது பக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு அடியில் மடித்த சேலையை வைத்தேன். செங்கமலம் ஓடிப் போய் பீரோச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். நான் தடுக்கப் போனேன். ரஜியாம்மா என் தோளைத் தொட்டார். "கையில வெச்சுக்கட்டுங்க. வாயில மட்டும் ஒண்ணும் போட்டுடாதீங்க" என்றார். செங்கமலம் அந்தக் கையைச் சாவியோடு சேர்த்துத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் இருக்கும். அடங்கியது. மூச்சு வந்தது.

வண்டி வந்ததும், காய்கிற கொட்டையைக்கூட அள்ளாமல் செங்கமலம் ஏறிவிட்டார். இளவரசியின் கையில் ஊசி ஏற்ற வளையல் இடைஞ்சலாக இருந்தது. வளைகாப்பு வளையலைப் பிரசவத்துக்கு முன் உடைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் பார்ப்பார்கள். அவசரத்துக்கு உடைத்துவிடலாமா என்று வண்டியில் இருந்த தம்பி கேட்டார். செங்கமலம் வேண்டாம் என்று சொல்லி, தலைக்குத் தேய்த்திருந்த எண்ணெயைத் தன் விரலில் வழித்து, மருமகள் மணிக்கட்டில் தடவித் தடவி ஒவ்வொன்றாகக் கழற்றினார். முந்திரி எண்ணெயில் கறுத்துப்போன விரல்கள். ஒன்றுகூட உடையவில்லை. "ஆச்சு கண்ணு, ஆச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா இரண்டு பக்க இடுப்பிலும் வலிப்பு ஊசியைப் போட்டார். சிறுநீரை அங்கே காய்ச்சிப் பார்த்தார்கள். குழாய் முழுக்கத் தயிர் மாதிரி உறைந்துவிட்டது. அதே வண்டியில் அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மத்தியானம் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சூடு குறையாமல் இருக்கக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

நான் சாயங்காலம் துணை நிலையத்துக்குத் திரும்பினேன். ரஜியாம்மா எனக்காகக் காத்திருந்தார். பதிவேடு மேஜை மேல் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "நடந்தத எழுது" என்றார். எழுதினேன். தலைவலி என்று காட்டினாள், பிரஷர் பார்க்கவில்லை, புகை என்று சொல்லி அனுப்பினேன். கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. அவர் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். தன் டப்பாவில் மீந்திருந்த எலுமிச்சைச் சாதத்தை என் பக்கம் தள்ளி, சாப்பிடு என்றார். அப்புறம்தான் நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் பிரஷர் பெட்டி இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. முந்திரிக் காலத்தில் கொட்டகைக்குள் நுழைந்ததுமே பெட்டியைத் திறந்து வைத்துவிடுவேன். தலைவலி என்று ஒருத்தி சொன்னால் அது எதனால் என்று நானும் சொல்ல மாட்டேன், மற்றவர்களையும் சொல்ல விடமாட்டேன். முதலில் கையை நீட்டு என்பேன். கிண்டல் பண்ணுகிற அம்மாள்களுக்கும் சேர்த்தே பார்ப்பேன். அறுபது வயது என்றேனே, அந்த அம்மாளுக்கே பிரஷர் இருந்தது. அவர் ஒரு வாரமாக வலிக்கிறது என்று சொன்னதும் நிஜம்தான். செல்போன் படத்தில் இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன். நாம் சொல்லிக்கொடுத்தபடியே அவர்கள் வந்து சொல்லும்போது, நமக்குப் பழகிப்போன ஒரு காரணம் நம் வாயில் முந்திக்கொண்டு வரும்.

ஆபரேஷனுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் நாள் முடிந்ததும் அரியலூருக்குப் பஸ் ஏறினேன். இளவரசி கண் திறந்து படுத்திருந்தாள். ஆனால் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம்கூட மங்கலாகத்தான் தெரிகிறது என்றாள். மூளையில் வீக்கம், வடிந்ததும் பார்வை வந்துவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் கட்டில் கால்மாட்டில் நின்றார். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என் குரலைக் கேட்டதும், "அக்கா, நீங்களா?" என்றாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நீ சரியாத்தான் காட்டுன. நாந்தான் கேக்கல" என்றேன்.

"புள்ளையப் பாத்தீங்களா? அத்தையக் கேட்டா நல்லாருக்கு, நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. அவருக்கு அதுவும் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்கக்கா. எப்பிடி இருக்குது?" என்றாள்.

வரும் வழியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தோல் சிவப்பாக, மெல்லிசாக இருக்கிறது. நெற்றியில் மூன்று கோடு. தோளிலும் காது மடலிலும் பூனைமுடி மாதிரி முடி, அது தானாக உதிர்ந்துவிடும். தலையில் நிறைய முடி, கருகருவென்று. உன் சுண்டுவிரல் நகம் அளவுதான் அதன் மூக்கு. தூக்கத்தில் வாயைக் குவிக்கிறது. நான் பார்க்கும்போது ஒரு காலை நீட்டி உதைத்தது. நர்ஸ் கையை உள்ளே விட்டதும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டது.

"அப்பறம்?" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும் வரைக்கும் அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வார்டில் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சம் வரவில்லை.

மறுநாள் புதன்கிழமை. தடுப்பூசி நாள். ஒன்பது குழந்தைகளுக்கு ஊசி போட்டேன். பதினொரு மணிக்குச் செங்கமலம் போன் செய்தார். விடிந்ததும் இளவரசிக்கு ஜன்னல் கம்பி தெரிந்ததாம், காப்பி வரும் நேரத்துக்கு ஆள் தெரிந்ததாம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் பிள்ளையைக் காட்டினார்களாம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அக்கா சொன்ன அளவுக்குத் தலையில் முடி இல்லையே என்றாளாம்.